கிளீனர் பக்கக் கதவு

2003 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பொன்னேரிக்கரை திக்கஜா மோட்டார்ஸ் சர்வீஸ் நிலையத்தில் இருந்தவர்கள்:

திரு. சக்ரவர்த்தி, நிறுவனத்தின் மண்டலப் பாதுகாப்புத் தலைவர். சென்னையிலிருந்து காரில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தவர்.

திரு. ராம்ப்ரஸாத், சர்வீஸ் மேலாளர்.

திருமதி ஸ்ரீவல்லி, ஆவணப் பிரிவு. கையில் படிவங்கள் ஒன்று முதல் ஒன்பது வரை. நான்காம் படிவம் மட்டும் இன்னும் அச்சாகி வரவில்லை.

ராஜவேலு, வாசல் காவலாளி.

ஒரு போட்டோக்காரர், ஒரு மெக்கானிக்.

கதிர்வேல், லாரியின் சொந்தக்காரன், அதை ஓட்டுகிறவனும் அவனே.

புவனேஸ்வரி, அவன் மனைவி. அவள் மடியில் ஒரு பாவு, அதாவது மூன்று கல்யாணப் புடவைக்கான பட்டு நூலைத் தறியில் ஏற்றத் தயாராகச் சுற்றிய உருண்டை.

கைலாசம், அவரோடு பதினொரு பேர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள். உற்சவ நாட்களில் சாமி வாகனம் தூக்குகிறவர்கள். அன்று லாரியைத் தள்ளி வந்தவர்கள்.

குத்துவிளக்கு ஒன்று. ஐந்து முகத்தில் மூன்றில் எண்ணெய் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டோர் லாக்கு.

லாரி ஒன்று, 1991ஆம் வருடத்தது.

கடைசியில் சொன்ன இரண்டும் ஒன்று சேர வேண்டும் என்பதுதான் விஷயம். நான்கு போல்ட்டு வேலை. நான்கு மாதம் ஆகியிருந்தது.

கடிதம் ஏப்ரலில் வந்தது. பதிவுத் தபால், வழவழப்பான தாள், மேலே நிறுவனத் தலைவர் சிரிக்கும் படம். 'உங்கள் உயிர் எங்கள் உயிர்' என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் செய்தி இருந்தது. 1990 முதல் 1992 வரை செய்த லாரிகளில், வண்டி வலது பக்கம் திரும்பும்போது கிளீனர் பக்கக் கதவின் லாக்கு தானாக விட்டுக்கொள்ளக்கூடும். நிறுவனம் இதை அண்மையில் கண்டுபிடித்திருக்கிறது. வண்டியைக் கொண்டுவந்தால் புது லாக்கு இலவசமாகப் பொருத்தித் தரப்படும்.

புவனேஸ்வரி இதை நிறுவனத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். பிப்ரவரியில், மூங்கில் மண்டபத்துப் பக்கத்தில்.

கதிர்வேலின் லாரி விறகு ஏற்றும், அரிசி ஏற்றும், செங்கல் ஏற்றும். ஆனால் குடும்பம் நடப்பது பாவில். பாவு ஓட்டும் இடத்திலிருந்து தறிக்காரர் வீட்டுக்குப் பட்டுப் பாவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புவனேஸ்வரியின் பொறுப்பு. அவளை நம்பித்தான் கொடுப்பார்கள். பாவைப் பின்னால் போட முடியாது. விறகுத் தூசி பட்டால் மூன்று புடவையும் போய்விடும். தரையில் வைக்கக் கூடாது. மடியில் ஏறுகிற பாவு தறிக்காரர் கைக்குத்தான் இறங்க வேண்டும். அதனால் அந்த லாரியின் கிளீனர் சீட்டில் கிளீனர் கிடையாது. புவனேஸ்வரிதான் உட்கார்வாள். மடியில் பாவு இருக்கும். இரண்டு கையும் பாவின் மேல் இருக்கும்.

அன்று கதிர்வேல் வலது பக்கம் ஒடித்தான். கதவு திறந்தது. புவனேஸ்வரி கதவைப் பிடித்திருக்கலாம். பாவைப் பிடித்தாள். உட்கார்ந்த வாக்கிலேயே வெளியே போய், ஒரு பூக்கடையின் கூடைகள் மேல் இறங்கினாள். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் வலி, கழுத்தில் ஒரு சம்பங்கி மாலை. பாவில் ஓர் இழை அறவில்லை. கதிர்வேல் அரிசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே அறுபது அடி போனான். பதில் வராததால் திரும்பிப் பார்த்தான்.

"எறங்கறன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றான், ஓடி வந்து.

அவள் மாலையைக் கழற்றிப் பூக்காரியிடம் கொடுத்தாள். "இந்த வாட்டி பூக்கட. அடுத்த வாட்டி பின்னால பஸ் வந்துக்கினு இருந்தா? மால போடறதுக்கு நீ வேணா வாங்கி வச்சிக்கோ. லாக்க மாத்து."

மாற்றுவது எளிதாக இல்லை. அந்த மாடல் லாக்கு கடையில் கிடைக்கவில்லை. வேறு லாக்குக்கு ஓட்டை பொருந்தவில்லை. செவிலிமேடு மெக்கானிக் ஒருவர் கதவை வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அதன் பிறகு கதவு திறக்கவே இல்லை. புவனேஸ்வரி மூன்று நாள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினாள். பாவு வாங்க வந்த தறிக்காரர்கள் சன்னமாகச் சிரித்தார்கள். நான்காம் நாள் வெல்டிங்கைப் பிரித்தார்கள்.

பிறகு கதிர்வேல் ஒரு மாதம் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓட்டினான். இடது பக்கமாகவே திரும்பினாலும் காஞ்சிபுரத்தில் எங்கும் போய்ச் சேரலாம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர மூன்றரை மணி ஆகும்.

கடைசியில் புவனேஸ்வரியே ஒரு வழி செய்தாள். கழிவுப் பட்டு இழைகளைச் சேர்த்து விரல் கனத்துக்கு ஒரு கயிறு முறுக்கி, கதவை சீட்டின் இரும்போடு கட்டினாள். தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். கதவு அசையவில்லை. ஒரு தரம் ஏறிக் கட்டுவதற்கு நான்கு நிமிடம், அவிழ்த்து இறங்குவதற்கு ஆறு நிமிடம். வண்டி தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. கதிர்வேல் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மறுநாளே பொன்னேரிக்கரைக்கு வண்டியை விட்டான். வாசலில் ராஜவேலு கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓட்டிக்கினா வந்த?"

"பின்ன எப்டி வர்றது?"

"லெட்டர எடு. மூணாவது பாரா படி."

கதிர்வேல் படித்தான். "'லாக்கு மாற்றப்படும் வரை வண்டியை எக்காரணம் கொண்டும் ஓட்டக் கூடாது.'"

"அடுத்த வரி."

"'லாக்கு மாற்ற வண்டியை நேரில் கொண்டுவர வேண்டும்.'"

"ரெண்டும் கம்பெனி ரூலு. ஓட்டிக்கினு வந்த வண்டிய உள்ள வுட்டா என் வேல போயிடும். நான் எழுதல பா. எனக்கு கேட்டு மட்டும்தான் குடுத்துக்கிறாங்க."

கதிர்வேல் திரும்பிப் போய்க் கைலாசத்தைப் பார்த்தான். கைலாசத்துக்கு ஐம்பத்தைந்து வயது. இரண்டு தோளிலும் வாகனம் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன மேடு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எவ்ளோ எட?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த முறை லாரி சர்வீஸ் நிலையத்துக்கு நூறு அடி முன்னால் நின்றது. எஞ்சின் அணைந்தது. பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் குதித்துத் தோளைக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த நடை ஒன்றுதான். நாலடி முன்னால், ஓரடி பின்னால், நின்று ஓர் ஆட்டு, பிறகு நாலடி. லாரி ஆடி அசைந்து வாசலுக்கு வந்து நின்றது.

"தள்ளிக்கினு வந்தீங்க. சரி, உள்ள போங்க," என்றார் ராஜவேலு.

யாரும் நகரவில்லை.

"கற்பூரம்," என்றார் கைலாசம்.

"இன்னாத்துக்குயா?"

"எங்க தோளு பட்டது வாசல்ல நின்னா கற்பூரம் காட்டணும். காட்டாம நவுத்த மாட்டோம். எறக்கறதா இருந்தாலும் அப்டித்தான்."

"இது லாரி பா."

"தோளுக்கு இன்னா தெரியும்? எடதான் தெரியும்."

ராஜவேலு யோசித்தார். கம்பெனி விதிகளில் இதற்குத் தடை எதுவும் இல்லை. தன் அறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்த கற்பூரத்தை எடுத்து வந்து லாரியின் முகப்புக்குக் காட்டினார். பன்னிரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜவேலு பதிவேட்டில் எழுதினார்: 'வாகனம் ஓட்டப்படவில்லை. தள்ளப்பட்டது. கற்பூரம் 1.'

உள்ளே வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் சிவப்பு வெல்வெட் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு லாக்கு. மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"இதானே சார்?" என்றான் கதிர்வேல்.

"இதேதான்," என்றார் ராம்ப்ரஸாத். அவர் மென்மையாகப் பேசுகிறவர். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. யாருக்கும் எதுவும் முடிந்ததும் இல்லை.

"எடுத்து மாட்டிடலாமே."

"அது டிஸ்ப்ளே."

"நல்ல லாக்குதானே சார்?"

"ரொம்ப நல்ல லாக்கு. அதனாலதான் டிஸ்ப்ளேல இருக்கு. நீங்களே சொல்லுங்க, இதை உங்க கதவுக்குள்ள வச்சுட்டா யார் பார்ப்பா? பாதுகாப்புங்கறது கண்ணுக்குத் தெரியணும். இங்க இருந்தா வர்ற எல்லாருக்கும் பாதுகாப்பு. உங்க வண்டியில இருந்தா உங்க ஒருத்தருக்குத்தான்."

"மத்த லாக்கெல்லாம் எப்ப வரும்?"

"தேவை தெரிஞ்சதும் வரும். தேவைன்னா நிரூபிச்ச தேவை. கதவு திறந்துதுன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். படிவம் ஏழு நம்பணுமே?"

படிவம் ஏழை ஸ்ரீவல்லி நிரப்பினார். கேட்க வேண்டியதைக் கேட்டார், தலை நிமிரவில்லை.

"விழுந்தவர் உயிரோட இருக்காரா?"

"நான்தாம்மா வுழுந்தவ," என்றாள் புவனேஸ்வரி.

"ஆமா, இல்லைன்னு பதில் சொல்லுங்க."

"இருக்கறன்."

"விழும்போது எந்தத் திசையைப் பார்த்தீங்க?"

"வானத்த."

"நாலு திசைதான் கொடுத்திருக்கு."

"அப்ப எது காலியாக் கீதோ அதப் போடு."

"கைப்பிடியைப் பிடிக்காததுக்குக் காரணம்?"

"கையில பாவு இருந்துது."

ஸ்ரீவல்லி முதல் முறையாக நிமிர்ந்தார். "ஏம்மா, பாவு முக்கியமா, உயிர் முக்கியமா?"

"உயிரு நம்ப ஊட்டுது. பாவு ஊரான் ஊட்டுது. நம்ப இஷ்டத்துக்கு வுட முடியுமா?"

அதற்கும் கட்டம் இல்லை. ஸ்ரீவல்லி 'சுமை காரணமாக' என்று எழுதினார். "கடைசிக் கேள்வி. விழுந்த அனுபவம் எப்படி இருந்தது? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் சொல்லுங்க."

"இன்னாமா கேக்குற?"

"எல்லாப் படிவத்துலயும் இது உண்டும்மா. இதை அடிக்கலேன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது."

புவனேஸ்வரி சம்பங்கியை நினைத்துக்கொண்டாள். "பூ வாசனைக்கு ரெண்டு போடு."

ஜூலையில் பதில் வந்தது. வாடிக்கையாளர் தன் விழுகைக்கு இரண்டு மதிப்பெண் அளித்திருப்பதால் அவர் ஓரளவு திருப்தி அடைந்தவர் ஆகிறார். ஓரளவு திருப்தி அளித்த நிகழ்ச்சியைக் குறைபாடாகக் கொள்ள இயலாது. எனினும் வண்டியை நேரில் சோதித்துப் பார்க்க நிறுவனம் ஆவலாக உள்ளது.

மறுபடியும் பன்னிரண்டு தோள். மறுபடியும் கற்பூரம். இந்த முறை ராஜவேலு ஒரு பாக்கெட்டாகவே வாங்கி வைத்திருந்தார்.

ராம்ப்ரஸாத் கதவைத் திறக்கச் சொன்னார். புவனேஸ்வரி கட்டிய கயிறு இருந்ததால் திறக்கவில்லை. இரண்டு மெக்கானிக் இழுத்தார்கள். நான்கு பேர் இழுத்தார்கள். கம்பெனி ஜீப்பில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். ஜீப்பின் பம்பர் கழன்று வந்தது. ராம்ப்ரஸாத் அறிக்கை எழுதினார்: 'கடும் சோதனைக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. குறை இல்லை.'

"கயித்த அவுத்தா தெறக்கும் சார்," என்றான் கதிர்வேல்.

"கயிறே விதிமீறல். கம்பெனி கொடுக்காத பாகம். அதை நான் பார்க்காத மாதிரி இருக்கேன்."

"அவுத்துட்டுப் பாருங்க."

"அவிழ்த்தா அது ஆபத்தான வண்டி, கதிர்வேல். ஆபத்தான வண்டியை வளாகத்துக்குள்ள விடக் கூடாது. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கயிற்றில் இரண்டு இழை நைந்திருப்பதைப் புவனேஸ்வரி விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஜீப்பு இழுத்ததுல போச்சி," என்றாள். "ஆடி போனா ஆவணி. முகூர்த்தப் பாவா வரும். ஒரு நாளிக்கு எட்டு நட. இது எத்தினி நாளு தாங்கும்னு எனக்குத் தெரியல."

ஆகஸ்டில் மூன்றாவது கடிதம் வந்தது. அது அழைப்பிதழ். 'திரும்ப அழைப்புத் திட்டம்: நூறு சதவீத வெற்றி விழா.' மண்டலத் தலைவர் சக்ரவர்த்தி வருகிறார். படம் எடுக்க ஒரு லாரி வேண்டும். இந்த லாக்குக்காகச் சர்வீஸ் நிலையத்துக்குள் இதுவரை வந்த ஒரே லாரி கதிர்வேலுடையது. கைதட்ட ஆள் வேண்டும் என்பதால், மாவட்டத்தில் அந்த மாடல் வண்டி வைத்திருந்த முப்பத்தேழு பேருக்கும் ஸ்ரீவல்லி அழைப்பு அனுப்பினார். பழைய கடிதத்தின் கடைசி வரி தாளிலேயே அச்சாகியிருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று: 'வண்டியை நேரில் கொண்டுவர வேண்டும்.'

பத்தரை மணிக்குக் கதிர்வேலைத் தவிர யாரும் வரவில்லை.

போட்டோக்காரர் லாரியைப் பார்த்ததும், "கதவுல கயிறு தொங்குது சார், படத்துல விழும்," என்றார். சக்ரவர்த்தி முகம் சுளித்தார். "எடுத்துடுங்க." புவனேஸ்வரி அவிழ்த்துக் கொடுத்தாள். ஸ்ரீவல்லி அதை ஓர் உறையில் போட்டு, விதிமீறிய பாகம் என்று எழுதி, மூன்று கையெழுத்து வாங்கி, அரக்கு வைத்து மூடினார்.

பிறகு விளக்கேற்றினார்கள். சக்ரவர்த்தி பேசினார். நல்ல குரல். கேட்கிறவர்கள் இருபது பேர் என்றாலும் இரண்டாயிரம் பேருக்குப் பேசுகிறவர்.

"இந்த மாவட்டத்தில் முப்பத்தேழு வண்டிகள். நிரூபிக்கப்பட்ட குறைகள், பூஜ்யம். நாங்கள் மாற்றிக் கொடுத்த லாக்குகள், பூஜ்யம். தேவைக்கும் சேவைக்கும் நடுவில் ஓர் இம்மி வித்தியாசம் கிடையாது. இதைத்தான் நூறு சதவீதம் என்கிறோம். ஜப்பான்காரர்களால்கூட இது முடியவில்லை. அவர்கள் அவசரப்பட்டு லாக்கை மாற்றிவிடுகிறார்கள்."

ராம்ப்ரஸாத் கைதட்டினார்.

"உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். லாக்கு இருப்பது கதவில். பயம் இருப்பது மனதில். கதவைச் சரிசெய்வது யாராலும் முடியும். ஒரு ஸ்பேனர் போதும். நாங்கள் அந்தச் சுலபமான வழியில் போக விரும்பவில்லை. நான்கு மாதமாக மனதைச் சரிசெய்து வருகிறோம். எங்கள் கடிதங்களைப் படித்த பிறகு ஒருவர்கூட வண்டியை ஓட்டவில்லை. ஓடாத வண்டியில் யாரும் விழுவதில்லை. இதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் உண்டா?"

குத்துவிளக்கில் இன்னொரு முகம் அணைந்தது.

"அப்ப கதவு நல்லாத்தான் இருக்குதா சார்?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"நல்லாத்தான் இருக்கும்மா."

"நான் உக்கார்ற எடத்துல உக்காந்து ஒரு சுத்து வர்றீங்களா?"

ராம்ப்ரஸாத் தரையைப் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். கேமராவைப் பார்த்ததும் சக்ரவர்த்தி, "ஏன் வரக் கூடாது?" என்றார். அது பழக்கத்தில் வந்த பதில்.

கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்கு அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்தது. காற்றில் ஆடியது. "அந்தக் கயிறு எங்கே?" என்றார், மெதுவாக.

"சீல் வச்சாச்சு சார்," என்றார் ஸ்ரீவல்லி. "பிரிக்கணும்னா படிவம் நாலு வேணும்."

"கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அது இன்னும் அச்சாகி வரலை சார்."

சக்ரவர்த்தி கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்ரீவல்லி படிவம் ஏழைப் புரட்டினார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. "சார், சோதனைன்னா பழைய நிகழ்ச்சி மாதிரியே நடக்கணும். இதுல 'கையில் சுமை'ன்னு இருக்கு."

புவனேஸ்வரி பாவைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். "ரெண்டு கையாலயும் புடிச்சிக்கங்க சார். கைலாசம் அண்ணன் தறிக்குப் போற பாவு. ஆவணி கடைசில கல்யாணம். கீழ வுட்டீங்கன்னா பொண்ணு ஊட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சக்ரவர்த்தி சென்னைக்காரராக ஆகிவிட்டாலும் பிறந்தது சின்னக் காஞ்சிபுரத்தில். பாவைக் கீழே விடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கதவிலிருந்து கையை எடுத்தார்.

கதிர்வேல் வண்டியை எடுத்தான். நடக்கிற வேகம்தான். கைலாசமும் ஆட்களும் கிளீனர் பக்கமாகக் கூடவே ஓடினார்கள். கைலாசத்தின் கண் பாவின் மேலேயே இருந்தது. கொடிக்கம்பம் வந்தது.

"கதிர்வேல்," என்றார் சக்ரவர்த்தி. "இடது பக்கம் திரும்பேன்."

"கதவு நல்லாத்தானே சார் இருக்குது?"

"இருக்கு. இருந்தாலும் இடது பக்கம் காற்றோட்டமா இருக்கும்."

"செவுருதான் சார் இருக்குது." கதிர்வேல் வலது பக்கம் ஒடித்தான்.

கதவு திறந்தது. மண்டலப் பாதுகாப்புத் தலைவர் உட்கார்ந்த வாக்கிலேயே வெளியே வந்தார். கைலாசம் பாய்ந்து பிடித்தது பாவைத்தான். சக்ரவர்த்தி அதோடு வந்தார். மற்றவர்கள் முப்பது வருடப் பழக்கத்தில் தோளைக் கொடுத்தார்கள். அடுத்த நொடியில் அவர் ஆறு தோளுக்கு மேல், பாவைக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் இருந்தார். நாலடி முன்னால், ஓரடி பின்னால், ஓர் ஆட்டு. போட்டோக்காரர் ஒரு ரோல் முழுவதும் எடுத்தார்.

"இறக்குங்கப்பா," என்றார் சக்ரவர்த்தி.

"கற்பூரம் காட்டணும் சார்," என்றார் கைலாசம். "காட்டாம எறக்கறது இல்ல."

எல்லோரும் ராஜவேலுவைப் பார்த்தார்கள். ராஜவேலு பாக்கெட்டைப் பிரித்தார். தீக்குச்சியை உரசினார். இன்னொன்றை உரசினார். நான்கு மாதமாக இந்த லாரியை உள்ளே விட்டு வெறும் கதவோடு வெளியே அனுப்பியவர் அவர்தான்.

"பொட்டி நமுத்துப்போச்சி சார். நேத்து மழ."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

ராஜவேலு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "அது மாட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவுமோ, அவ்ளோ நேரம் ஆவும் சார்."

ஆட்கள் ஓர் ஆட்டு ஆட்டினார்கள். சக்ரவர்த்தி மேலேயிருந்தபடி, "ராம்ப்ரஸாத், அந்த லாக்கை எடுங்க," என்றார்.

"சார், அது டிஸ்ப்ளே."

"எடுங்க."

"சாவி தலைமை அலுவலகத்துல இருக்கு சார். எழுதிப் போட்டா பத்து நாள்ல…"

"உடையுங்க."

ராம்ப்ரஸாத் கண்ணை மூடிக்கொண்டு குத்துவிளக்கால் கண்ணாடியை உடைத்தார். அவர் தன் வேலையில் நேரடியாகச் செய்த முதல் பழுதுபார்ப்பு அதுதான். மெக்கானிக் லாக்கை வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்ரீவல்லி தலையைத் தூக்கி, படிவத்தை நீட்டினார். "சார், விழுந்தவர் உயிரோட இருக்காரா?"

"ஸ்ரீவல்லி."

"ஆமான்னு போட்டுக்கறேன். விழுந்த அனுபவம், ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள?"

"பூஜ்யம்."

"பூஜ்யம் கிடையாது சார். நீங்கதான் போன வருஷம் எடுக்கச் சொன்னீங்க."

நான்கு போல்ட்டு. பதினொரு நிமிடம். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டியதும் ராஜவேலுவின் தீக்குச்சி முதல் உரசலில் பற்றிக்கொண்டது. கற்பூரம் காட்டினார்கள். சக்ரவர்த்தியை இறக்கினார்கள். அவர் கையிலிருந்த பாவைப் பிரித்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கைலாசம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புவனேஸ்வரியின் மடிக்கே திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட குடுத்தா ஆச்சா? தறி பிள்ளையார்பாளையத்துல கீது. எடுத்துக்கினு வா."

புவனேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். டக் என்றது. பன்னிரண்டு வருடத்து லாரியில் அப்படி ஒரு சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. கதிர்வேல் கொடிக்கம்பத்தை வலது பக்கமாகவே மூன்று சுற்று சுற்றினான். கதவு அசையவில்லை. மூன்றாவது சுற்றில் புவனேஸ்வரி பாவிலிருந்து ஒரு கையை எடுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னா?" என்றான் கதிர்வேல்.

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

வாசலில் ராஜவேலு பதிவேட்டோடு நின்றார். "ஓட்டிக்கினு போறியா, தள்ளிக்கினு போறியா?"

"ஓட்டிக்கினு."

ராஜவேலு எழுதிக்கொண்டிருக்கும்போதே தவில் சத்தம் கேட்டது. சாலை வளைவில் ஒரு லாரி ஆடி அசைந்து வந்தது. நாலடி முன்னால், ஓரடி பின்னால். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் ஆறு தெரிந்தன. வளைவுக்கு அப்பால் எத்தனை என்று தெரியவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பன்னிரண்டு தோள். எந்த எஞ்சினும் ஓடவில்லை. ஒவ்வொரு கிளீனர் கதவிலும் ஏதோ ஒன்று கட்டியிருந்தது. ஒன்றில் கொச்சைக் கயிறு, ஒன்றில் புடவை, ஒன்றில் சைக்கிள் டியூப்.

"யார் இவங்க?" என்றார் சக்ரவர்த்தி.

"நாம கூப்பிட்டவங்க சார்," என்றார் ஸ்ரீவல்லி. "கொஞ்சம் லேட்டா வர்றாங்க."

"எப்படி உள்ள வரணும்னு கேட்டாங்க சார்," என்றான் கதிர்வேல், வண்டியிலிருந்து. "சொன்னேன்."

முதல் லாரி வாசலில் வந்து நின்றது. முன்னால் இருந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கற்பூரம்," என்றார்.

ராஜவேலு அறைக்குள் போய் மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். நிறைய வாங்கி வைத்திருந்தார். தீப்பெட்டிகள் எல்லாம் காய்ந்தே இருந்தன.

சக்ரவர்த்தி ராம்ப்ரஸாத்திடம் குனிந்து கேட்டார். "எத்தனை லாக்கு இருக்கு?"

"ஒண்ணு இருந்தது சார்."

சக்ரவர்த்தி அந்த லாரிகளைப் பார்த்தார். அந்தத் தோள்களைப் பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஓடுகிற மாதிரித் தெரியாத ஒரு வேகத்தில் அலுவலகத்தை நோக்கி நடந்தார். ராம்ப்ரஸாத் வழிவிட்டு ஒதுங்கினார். நல்ல தேக்கில் செய்த கதவு அது. அவர் பின்னால் ஒரே இழுப்பில் சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு சுற்று திரும்பியது. பிறகு, பூட்டிக்கொண்டதா என்று உள்ளிருந்து ஒரு முறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை.